சராசரியை விடுங்கள், தப்பான விடையைப் பாருங்கள்

போன வாரம் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போயிருந்தேன். எங்கள் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் ஏழாம் வகுப்புக்குத் தசம எண்களில் 25 மதிப்பெண்ணுக்கு அடைவுத் தேர்வு வைத்திருந்தார். பயிற்சியில் செய்ததை எழுதி எங்களிடம் மதிப்பெண்ணுக்குக் காட்டும் ரெக்கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு நேர்த்தி. வினாத்தாள் திட்ட வரைவு, சராசரி, திட்ட விலக்கம், வண்ணப் பென்சிலில் வரைபடம் எல்லாம் இருந்தன.

"எந்தக் கணக்கைப் பசங்க அதிகமா தப்பாப் போட்டாங்கம்மா?"

"அது பார்க்கலை மேம். பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாச்சு."

அடுத்த பக்கத்தில், 'மெல்லக் கற்போருக்குக் குறைதீர் கற்பித்தல் அளிக்கப்பட்டது.' இந்தப் பருவத்தில் மட்டும் 11 ரெக்கார்டுகளில் இதே வரியைப் படித்துவிட்டேன். என்ன குறை என்றே பார்க்காமல் எதைத் தீர்த்தார்கள்? அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினாலே மதிப்பெண் கிடைக்கும் என்று பழக்கியது எங்களைப் போன்ற பேராசிரியர்கள்தான்.

மதிப்பெண்தான் தரவு என்ற நினைப்பு முதலில் போக வேண்டும். இரண்டு பிள்ளைகள் 25-க்கு 8 வாங்குகிறார்கள். ஒருவனுக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும், இட மதிப்பில்தான் குழப்பம். இன்னொருத்தி இரண்டு வாரம் காய்ச்சலில் பள்ளிக்கு வரவில்லை. பட்டியலில் இருவருமே 'மெல்லக் கற்போர்'. இருவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்தால் யாருக்குப் பயன்? திட்ட விலக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அது காட்டும். நாளைக் காலை முதல் பீரியடில் எதை நடத்துவது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது தப்பான விடை.

0.4 + 0.12 எவ்வளவு என்று கேளுங்கள். நிறைய பேர் 0.16 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிடாதீர்கள். "எப்படிப்பா போட்ட?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "நாலும் பன்னிரண்டும் பதினாறு மிஸ்" என்பான். புள்ளிக்கு வலப்புறம் இருப்பதையும் அவன் முழு எண்ணாகவே பார்க்கிறான். அவனுக்கு இன்னும் 20 கூட்டல் கணக்கு கொடுத்தால் 20-ஐயும் அதே வழியில்தான் போடுவான். நூறு கட்டம் போட்ட தாளைக் கொடுங்கள். 0.4-க்கு நான்கு வரிசை, அதாவது 40 கட்டம். 0.12-க்கு 12 கட்டம். வண்ணம் தீட்டி எண்ணட்டும், 52 வரும். 0.52 எப்படி வந்தது என்று அவனே சொல்வான்.

சரியான விடையிலும் ஏமாறலாம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 0.35 + 0.12 கேட்டால் அதே பையன் 0.47 என்று சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவான். 0.45, 0.3 இரண்டில் எது பெரியது என்றாலும் அப்படித்தான். 0.35, 0.5 என்று கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்க வைக்கும் குறையறி தேர்வுக்கு வினா எடுக்கும்போது, 'தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளை இதற்கு என்ன எழுதும்?' என்று முதலில் யோசியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? திருத்தியவுடன் விடைத்தாளைக் கொடுத்துவிடாதீர்கள், ஒருநாள் கையில் வைத்திருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே வினா எண்கள். தப்பு என்றால் பெருக்கல் குறி போடாமல், பிள்ளை எழுதிய விடையையே எழுதுங்கள். ஒரு வினா எண்ணுக்குக் கீழே ஒரே தப்பு விடை மேலிருந்து கீழ்வரை இறங்கினால், அதை நாம் நடத்திய விதத்தில்தான் கோளாறு. வகுப்பு முழுவதற்கும் மறுபடி நடத்துங்கள். நான்கைந்து பேரிடம் மட்டும் இருந்தால் அவர்களைத் தனியாக உட்கார வையுங்கள். அப்புறம் மூன்றே வினா வைத்து மறுபடி பாருங்கள். அதுவரை 'குறை தீர்ந்தது' என்று எழுதாதீர்கள். பெயர்ப் பட்டியலைத் தயவுசெய்து கரும்பலகையில் எழுத வேண்டாம். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு உங்களிடம் சந்தேகமே கேட்காது.

சக பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை இந்தத் தாளுக்குக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்கிறார்கள், இதற்கு ஒரு மாலை ஒதுக்க முடியாதா?

அடுத்த வாரம் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளே, நான் பார்வையிட வரும்போது ரெக்கார்டு முடியவில்லை என்றால் பரவாயில்லை. தப்பு விடைகளை எழுதிய அந்தக் கட்டத்தாளை மட்டும் எடுத்து வையுங்கள்.