அமெரிக்க காங்கிரஸ் குழு சம்மன் அனுப்பினால், சாட்சி எங்கே மறுக்கலாம்?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒரு குழு சம்மன் அனுப்பினால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியே தீர வேண்டும் என்றில்லை. மறுக்கலாம். எந்தக் காரணத்தைச் சொல்லி, எந்த நேரத்தில் மறுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

விசாரிக்கும் அதிகாரம் பற்றி அந்நாட்டு அரசியல் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. விவரம் தெரியாமல் சட்டம் இயற்ற முடியாது, ஆகவே விசாரணையும் அந்த வேலையில் அடக்கம் என்று 1927-ல் மெக்ரெய்ன் எதிர் டாகர்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லையும் அதிலிருந்தே வருகிறது. சட்டம் இயற்றுவதோடு சம்பந்தமில்லாத தனியார் விவகாரத்தைக் குழு தோண்டக் கூடாது. 1876-ல் ஒரு ரியல் எஸ்டேட் கூட்டு பற்றிப் பதில் சொல்ல மறுத்த ஹாலெட் கில்போர்னைக் காங்கிரஸின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை 45 நாள் சிறையில் வைத்தது. அது நீதிமன்றத்தின் வேலை, சபையின் வேலை அல்ல என்று பிறகு தீர்ப்பு வந்தது.

சாட்சிகளுக்கு மிகவும் உதவிய தீர்ப்பு 1957-ல் வந்த வாட்கின்ஸ் வழக்கு. தொழிற்சங்கக்காரரான ஜான் வாட்கின்ஸ் 1954-ல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய குழுவின் முன் உட்கார்ந்தார். தன்னைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அப்புறம் 30 பேரின் பெயர்களை வாசித்து, இவர்கள் கட்சி உறுப்பினர்களா என்று கேட்டார்கள். கட்சியை விட்டு எப்போதோ விலகியவர்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன், அந்தக் கேள்வி உங்கள் விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்றார். வெறுமனே அம்பலப்படுத்துவதற்காக ஒருவரை அம்பலப்படுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை என்று தலைமை நீதிபதி வாரன் எழுதினார். எந்த விஷயத்தை விசாரிக்கிறோம், கேள்வி அதோடு எப்படிச் சேர்கிறது என்பதைச் சாட்சிக்குப் புரியும்படி சொல்லாததால், மறுத்ததற்காக வாட்கின்ஸுக்கு விதித்த தண்டனை ரத்தானது. ஆகவே சாட்சி அந்த இடத்திலேயே, ‘இது எதற்குத் தேவை?’ என்று ஆட்சேபம் எழுப்ப வேண்டும், அது பதிவாக வேண்டும்.

பேச்சுரிமை, அதாவது அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், மட்டும் போதும் என்று நம்பிவிட வேண்டாம். 1959-ல் கல்லூரி ஆசிரியர் பேரன்பிளாட் அதை நம்பி மறுத்தார், உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற நீதிபதிகளின் கணக்கில் தோற்றார்.

உறுதியான பாதுகாப்பு ஐந்தாம் திருத்தம்தான். என் பதிலே எனக்கு எதிரான குற்றச் சாட்சியமாகலாம் என்றால் மௌனம் சாதிக்கலாம். இன்ன வார்த்தைகளில்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, குழுவுக்குப் புரிந்தால் போதும் என்று 1955-ல் குவின் வழக்கில் முடிவானது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. தன்னைச் சிக்கவைக்கும் முக்கிய உண்மையைத் தானாக ஒப்புக்கொண்ட பிறகு, அதன் விவரங்களைக் கேட்கும்போது இந்த உரிமையைப் பிடித்துக்கொள்ள முடியாது. 1951-ல் ரோஜர்ஸ் வழக்கில் நடந்தது அதுதான். பாதி பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். நண்பர்களைக் காப்பாற்றவும் இந்த உரிமை உதவாது, அது சாட்சிக்கு மட்டும் உரியது. அவருடைய வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாதபடி நீதிமன்ற உத்தரவு மூலம் பாதுகாப்பு தந்துவிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பிரதிநிதிகள் சபை விதிகளின்படி வக்கீலை உடன் அழைத்துப் போகலாம். அரசியல் சட்ட உரிமைகள் பற்றி அவர் ஆலோசனை சொல்லலாம். குழுவின் விதிகளைக் கேட்டால் பிரதி தர வேண்டும்.

காரணமில்லாமல் மறுத்தால் குழுவும், பிறகு முழு சபையும் வாக்களித்து விஷயத்தை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பும். குற்றம் நிரூபணமானால் ஒரு மாதம் முதல் 12 மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. கேள்வி விசாரணைக்குச் சம்பந்தப்பட்டது என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் வக்கீல் சொல்லித்தான் நல்லெண்ணத்தோடு மறுத்தேன் என்பதை நீதிமன்றம் ஏற்காது. எண்ணெய் அதிபர் ஹாரி சின்க்ளேர் 1929-ல் அப்படிச் சொல்லிப் பார்த்தும் தண்டனை நின்றது.