மியூட்டேஷன்: சடுதிமாற்றமா, விகாரமா, திரிபா?

சினைப்பைப் புற்றுக்காக மரபணுப் பரிசோதனை செய்தவர் கைக்கு வரும் அறிக்கையில் எல்லாரும் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியை: பழுதானால் இந்தப் புற்றின் வாய்ப்பைக் கூட்டும் பிராக்கா1, பிராக்கா2 (BRCA1, BRCA2) மரபணுக்களில் மியூட்டேஷன் உண்டா, இல்லையா. அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லப் போனால் ஊருக்கொரு பேச்சு. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'சடுதிமாற்றம்', இலங்கைப் பாடநூலில் 'விகாரம்', செய்தித்தாளில் 'பிறழ்வு', 'மரபணு மாற்றம்', சில இடத்தில் 'திடீர்மாற்றம்'. எதைச் சொன்னால் என்ன என்று விட்டுவிட முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் ஒரு பெண் சினைப்பையை எடுத்துவிடலாமா, மகளையும் பரிசோதிக்க வேண்டுமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்.

வேர் லத்தீனில் 'மூட்டாரே'. மாறு, மாற்று என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நல்லது, கெட்டது, வேகம், நிதானம் எதையும் அது சொல்லவில்லை. உயிரியலில் இதை நிலைநிறுத்தியவர் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ். ஹில்வர்சம் ஊருக்குப் பக்கத்தில் தரிசு நிலத்தில் பூத்துக்கிடந்த ஈனோத்தெரா செடிகளில், தாய்ச்செடியைப் போல இல்லாத வகைகள் ஒரே தலைமுறையில் முளைப்பதைப் பார்த்தார். 1901 முதல் 1903 வரை வெளியான தம் நூலில், புதிய இனங்கள் இப்படிப் பாய்ச்சலாகத்தான் தோன்றும் என்று வாதிட்டார். அவர் கண்ட மாற்றங்களில் பல குரோமோசோம் எண்ணிக்கை கூடியதால் வந்தவை என்பது பின்னால்தான் தெரிந்தது. 'சடுதிமாற்றம்' என்ற சொல்லில் அந்தப் பாய்ச்சல் கருத்தின் வாடை இன்னும் போகவில்லை.

புற்றுநோய்ப் பரம்பரையில் இந்தச் 'சடுதி'தான் இடிக்கிறது. கொள்ளுப்பாட்டியிடம் இருந்தது பாட்டிக்கும் அம்மாவுக்கும் வந்து, இப்போது மகளின் இரத்தத்தில் தெரிகிறது என்றால் அதில் சடுதி எங்கே? பல நூற்றாண்டாகக் கைமாறி வரும் மாற்றங்கள் இருக்கின்றன. இந்தச் சொல்லைக் கேட்டவர் 'எனக்கு எப்போது இது திடீரென்று வந்தது' என்று கேட்டால் தவறு அவருடையது ஆகாது.

'மரபணு மாற்றம்' சுலபமாக வாயில் வருகிறது. ஆனால் பி.டி. கத்தரிக்காய்ச் சர்ச்சைக்குப் பிறகு அந்தச் சொல் ஆய்வகத்தில் மனிதர் செய்யும் வேலைக்குப் போய்விட்டது. 'பிறழ்வு' என்றாலோ, கேடு என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லியாயிற்று.

இலங்கையின் 'விகாரம்' இலக்கணம் படித்தவருக்கு இனிக்கும். நன்னூல் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுக்கிறது. வாழை + பழம், வாழைப்பழம்: ஓர் எழுத்து தோன்றியது. பொன் + குடம், பொற்குடம்: எழுத்து வேறொன்றாகத் திரிந்தது. மரம் + வேர், மரவேர்: ஓர் எழுத்து கெட்டது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்தால் ஆன டி.என்.ஏ.வில் நடக்கும் சிறு மாற்றங்களும் இதே மூன்றுதான், பிராக்கா1 ஒன்றிலேயே மூன்றுக்கும் பெயர்பெற்ற சான்றுகள் உண்டு. '5382இன்ஸ்சி' என்பதில் ஒரு சி எழுத்து கூடுதலாகத் தோன்றுகிறது. புரதத்தின் 61ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கிளைசீனாகும் மாற்றத்தில் டி எழுத்து ஜி ஆகத் திரிகிறது. துத்தநாகத்தைப் பிடித்து வைக்கும் ஓர் இடம் அதனால் போகிறது. '185டெல்ஏஜி'யில் ஏ, ஜி என இரண்டு எழுத்துகள் கெடுகின்றன.

பொருத்தம் அழகுதான், ஆனால் தெருவில் விகாரம் என்றால் அவலட்சணம். 'உங்கள் மரபணுவில் விகாரம் இருக்கிறது' என்று ஒரு தாயிடம் சொல்ல நமக்கு வாய் வராது.

தொல்காப்பியம் இதே மூன்றையும் மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று சொல்லி, மூன்றையும் சேர்த்துத் 'திரிபு' என்கிறது. மாறாமல் நிற்பது இயல்பு. மரபியலிலும் மாறாத வடிவுக்கு ஒரு பெயர் தேவை. இயல்பு, திரிபு என்ற இணை அங்கே கச்சிதமாக உட்காருகிறது. கொரோனாக் காலத்தில் 'புதிய திரிபு' என்று படித்துப் பழகியதால் காதுக்கும் புதிதில்லை. செய்தியைத் திரிப்பது, பால் திரிவது என்ற பொருள்களின் நிழல் கொஞ்சம் விழும். விகாரத்தின் நிழலோடு பார்த்தால் அது சின்னது. ஆகவே எங்கள் பரிந்துரை 'மரபணுத் திரிபு', சுருக்கமாகத் திரிபு.

இரண்டெழுத்து குறைவதால் என்ன ஆகிவிடும்? செல் டி.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலமாகக் கோத்துப் புரதம் செய்கிறது. 'அப்பா வந்து தம்பி பெயர் கேட்க' என்ற தொடரில் எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். இரண்டாவது சொல்லில் கடைசி இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, மறுபடி மும்மூன்றாகப் பிரித்தால் 'அப்பா வதம் பிபெய ர்கேட் க' என்று வரும். 'வதம்' தற்செயலாகப் பொருள் தருகிறது, ஆனால் வேறு பொருள். அதற்கப்பால் வெறும் குப்பை. பிராக்கா1இல் இதேதான் நடக்கிறது. இயல்பில் 23ஆம் இடம் ஜி.ஏ.ஜி., அதாவது குளுட்டாமிக் அமிலம். ஏ.ஜி. விழுந்ததும் அடுத்த சொல்லிலிருந்து டி.ஜி. இழுபட்டு அது ஜி.டி.ஜி. ஆகிறது, அதாவது வேலின். அதிலிருந்து எண்ணி வந்தால் பதினேழாவது சொல் டி.ஜி.ஏ.; 'நிறுத்து' என்று பொருள். 1863 அமினோ அமிலம் நீளமுள்ள புரதம் 38 உடன் அறுந்து நின்றுவிடுகிறது. டி.என்.ஏ.வின் இரு இழையும் அறுந்தால் ஒட்டவைக்கும் வேலையில் பங்குள்ள புரதம் அது.

இதே திரிபு புதிய அறிக்கைகளில் 'சி.68_69டெல்ஏஜி' என்று வரும். அத்தையின் பழைய அறிக்கையில் 185, அவர் தம்பி மகளின் புதிய அறிக்கையில் 68 என்று இருக்க, இரண்டும் வேறு என்று குழம்பும் குடும்பங்கள் உண்டு. பழைய கணக்கு மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.யின் தலையிலிருந்து எண்ணியது. புதியது புரதம் தொடங்கும் ஏ.டி.ஜி.யிலிருந்து எண்ணுகிறது. இடைவெளி 119. 185இலிருந்து 119 போனால் 66தானே, 68 எப்படி வந்தது? அந்த இடத்தில் ஏ.ஜி.ஏ.ஜி. என்று இரட்டிப்பாக இருக்கிறது, எந்த ஏ.ஜி. விழுந்தது என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் கடைசியில் உள்ளதே விழுந்ததாக எழுது என்பது இன்றைய விதி. ஐரோப்பிய வழிவந்த அஷ்கநாசி யூதர்களிடம் அதிகம் காணப்படும் திரிபாகத்தான் இது முதலில் பெயர்பெற்றது. தென்னிந்தியப் பெண்களிடமும் இது அடிக்கடி தென்படுவதை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள்.

அடுத்து அடைமொழிகள். பிறக்கும்போதே உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பது 'கருவழித் திரிபு'. கட்டியில் மட்டும் பின்னால் வந்தது 'கட்டித் திரிபு'. இந்த இரண்டையும் பிரிக்காமல் வெறுமனே 'மியூட்டேஷன் இருக்கிறது' என்று சொல்வதுதான் குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கிறது. உயர்தர (ஹை-கிரேடு) சீரஸ் வகைச் சினைப்பைப் புற்றில், செல் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் டிபி53 மரபணுவின் திரிபு 96 விழுக்காட்டுக் கட்டிகளில் இருந்ததாக 2011இல் வந்த புற்று மரபணுத்தொகை வரைபட ஆய்வு காட்டியது. அது அநேகமாகக் கட்டித் திரிபு, மகளுக்குப் போகாது. பிராக்கா திரிபு கருவழியாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகனுக்கும்தான். அம்மா வழியை மட்டும் விசாரித்துவிட்டு அப்பா வழி அத்தைகளை மறப்பது வழக்கமான பிழை. வாழ்நாளில் சினைப்பைப் புற்று வருவது பொதுவாக 100 பெண்களில் ஒருவர் அல்லது இருவருக்கு. கருவழிப் பிராக்கா1 திரிபு உள்ளவர்களில் 39 முதல் 58 பேருக்கு, பிராக்கா2 என்றால் 13 முதல் 29 பேருக்கு. பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுப்பதற்குப் பிராக்கா1க்கு 35–40 வயது, பிராக்கா2க்கு 40–45 வயது என்று பரிந்துரைப்பது அதனால்தான்.

கட்டித் திசுவில் மட்டும் சோதித்து இரண்டையும் பிரித்துவிடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டிய துண்டில் புற்றுச் செல்கள் 40 விழுக்காடு, ஒவ்வொன்றிலும் மரபணுவின் இரு படிகளில் ஒன்று திரிந்திருக்கிறது என்றால், படித்த டி.என்.ஏ.வில் திரிபின் பங்கு 20 விழுக்காடு. கருவழித் திரிபு என்றால் 50 வரவேண்டும். ஆனால் புற்றுச் செல்கள் இயல்புப் படியைத் தொலைத்துவிடுவது பிராக்காவில் சாதாரணம். அப்போது அதே துண்டில் 62.5 வரும். புற்றுச் செல்கள் அடர்ந்த துண்டில் கட்டித் திரிபும் 50ஐத் தொடும். ஆகவே எண்ணை வைத்து ஊகிக்க வேண்டாம், இரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் எடுக்க வேண்டும். ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். தடுமாறும். ஒரு முழு எக்ஸானே, அதாவது மரபணுவின் ஒரு பெரிய துண்டே, காணாமல் போன பெரிய இழப்புகளைச் சாதாரண வரிசைப்படுத்தல் தவறவிடக்கூடும், அவற்றைப் பிடிக்கும் எம்.எல்.பி.ஏ. சோதனையும் செய்தார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

திரிபே இல்லாத இடத்தில் திரிபு தெரிவதும் உண்டு. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கும், சைட்டோசினில், அதாவது சி எழுத்தில், அமீன் கழன்று யுராசில் ஆகும், கருவி அதை டி என்று படிக்கும். சி இருந்த இடத்தில் டி என்று சிறு பங்கில், 5 விழுக்காட்டுக்குக் கீழே, கொத்துக் கொத்தாக வந்தால் முதல் சந்தேகம் ஃபார்மலின் மேல்தான். 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊறவைப்பது பாதுகாப்பான எல்லை. வெள்ளிக்கிழமை அறுவை, இடையில் நீண்ட விடுமுறை, திசு டப்பாவிலேயே கிடந்தது என்றால் ஆய்வகத்துக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். யுராசிலை வெட்டும் நொதியால் டி.என்.ஏ.வை முதலில் கழுவிவிட்டால் இந்தப் போலிகள் பெருமளவு குறையும்.

2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல் மியூட்டேஷன் என்ற சொல்லையே தவிர்க்கச் சொன்னது. வேரியன்ட் என்று சொல்லி ஐந்து தரத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தமிழில்: நோய்தரும் திரிபு, நோய்தரக்கூடிய திரிபு, பொருள் தெளியாத திரிபு, தீங்கற்றதாகத் தோன்றும் திரிபு, தீங்கற்ற திரிபு. 'தரக்கூடிய' என்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் உறுதி என்று கணக்கு. சிக்கல் நடுவில் உள்ளதில். பொருள் தெளியாத திரிபைக் காட்டி யாரும் சினைப்பையை எடுக்கக் கூடாது, உறவினரை வரிசையில் நிறுத்திச் சோதிக்கவும் கூடாது. சில ஆண்டு கழித்து அதன் தரம் மாறலாம், மாறும்போது பெரும்பாலும் தீங்கற்ற பக்கம்தான் போகிறது. அதைச் 'சந்தேக மியூட்டேஷன்' என்று மொழிபெயர்த்து வைப்பது வீண் பீதி.

கருப்பை உட்படலப் புற்றுக்கு வந்தால் 'பிறழ்வு' முழுதாகத் தோற்றுப்போகிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழைதிருத்தும் போல்-ஈ (POLE) என்ற நொதி கெட்டுப்போன கட்டிகளில் திரிபுகள் மற்றவற்றைவிடப் பன்மடங்கு குவிந்து கிடக்கும். பார்த்தால் கொடியது போலத் தெரியும். ஆனால் அந்த நோயாளிகள்தாம் நன்றாகத் தேறுகிறார்கள். இத்தனை திரிந்த புரதங்களை நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியமாகக் கண்டுகொள்வது காரணமாகக் கருதப்படுகிறது. மகளிர் நோய் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோ 2023இல் திருத்திய நிலைப்பகுப்பு, முதல் இரண்டு நிலைகளில் உள்ள இத்தகைய கட்டிகளை மிகத் தாழ்ந்த ஆபத்துப் படியில் வைக்கிறது.

கருப்பைவாய்ப் புற்றில் கதை தலைகீழ். அங்கே டிபி53 மரபணு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், ஓர் எழுத்தும் மாறியிருக்காது. இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் இ6 புரதம், அந்த மரபணு தரும் பி53 புரதத்தைப் பிடித்துச் செல்லின் குப்பை எந்திரத்தில் போட்டு அழித்துவிடுகிறது. இ7 புரதம், செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் ஆர்.பி. என்ற இன்னொரு புரதத்தை முடக்குகிறது. நூல் அப்படியே இருக்க, அச்சடித்த படிகளை மட்டும் யாரோ கிழித்துப்போட்ட மாதிரி. ஆகவே இந்த நோயாளி தன் மகளைப் பற்றிக் கேட்டால் பேச வேண்டியது திரிபைப் பற்றி இல்லை, எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றி.