பழைய தீம் பார்க் டிக்கெட் வைத்திருக்கிறீர்களா? லேமினேஷன் கடைக்கு மட்டும் போகாதீர்கள்

பழைய நாணயம், தபால்தலை, கடிதம், டிக்கெட் என்று காசும் காகிதமும் வாங்கி விற்பது என் தொழில். ராமநாதபுரத்தில் கடை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், கீழே ஒரே கேள்வி: “அண்ணே, இது எவ்வளவு போகும்?” முன்பெல்லாம் அது பெரும்பாலும் காசாகவோ நோட்டாகவோ இருக்கும். கொஞ்ச காலமாகத் தீம் பார்க் டிக்கெட்டுகளும் சேர்ந்துகொண்டன. அமெரிக்க டிஸ்னிலேண்டின் பழைய டிக்கெட் லட்சக்கணக்கில் போகிறது என்று யாரோ வீடியோ போட்டுவிடுகிறார்கள், நம் ஆட்கள் பரணில் ஏறிவிடுகிறார்கள்.

இந்தக் கரையில் அப்படி டிக்கெட் கிடப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று யாராவது ஒருவர் போய்வராத குடும்பம் குறைவு. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கப்பல் வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களுடைய டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, போர்டிங் பாஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு டிக்கெட்டும் இருக்கும்.

‘எவ்வளவு போகும்’ என்று கேட்கும்போது இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இந்த டிக்கெட்டைக் காட்டினால் இன்றைக்கும் உள்ளே விடுவார்களா என்பது ஒன்று. சேகரிப்பவர் யாராவது காசு கொடுத்து வாங்குவாரா என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். கிழித்துப் பயன்படுத்திய டிக்கெட்டுக்கு வாசலில் மதிப்பு கிடையாது, சேகரிப்பாளரிடம் இருக்கலாம். பயன்படுத்தாத டிக்கெட்டுக்குச் சில சமயம் இரண்டும் இருக்கும். ஆனால் வாசலில் கொடுத்து மாற்றிவிட்டால் சேகரிப்பு மதிப்பு அத்தோடு போச்சு.

தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் உல்லாசக் கப்பலின் சமையலறையில் வேலை பார்த்தவர். கப்பல் ப்ளோரிடாவின் கனாவரல் துறைமுகத்தில் நின்ற காலத்தில், தொண்ணூறுகளில், பக்கத்திலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் டிக்கெட் எடுத்திருக்கிறார். இரண்டு நாள் போனார், பிறகு கப்பல் கிளம்பிவிட்டது. மீதி இரண்டு நாள் அந்த அட்டையிலேயே இருக்கிறது. மகன் இப்போது அமெரிக்காவில். “பையன் இதை வச்சு உள்ளே போகலாமாண்ணே?” என்று கேட்டார்.

இதற்குப் பதில் உண்டு. 2005க்கு முன்னால் டிஸ்னி வேர்ல்டு விற்ற பல நாள் டிக்கெட்டுகளில், பயன்படுத்தாத நாட்களுக்குக் காலாவதி இல்லை. 2005 ஜனவரியில்தான், முதல் தடவை பயன்படுத்தியதிலிருந்து 14 நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று மாற்றினார்கள். காலாவதி வேண்டாம் என்றால் அதற்கு அப்போது தனிக் காசு வாங்கினார்கள். ஆக அவருடைய இரண்டு நாள் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அது அவருக்குத்தான், மகனுக்கு இல்லை. ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிய டிக்கெட்டை அடுத்தவருக்குக் கைமாற்ற முடியாது. பல நாள் டிக்கெட்டின் மிச்சத்தை விற்பது ப்ளோரிடா மாநிலச் சட்டப்படியே குற்றம். அவர் தானே மகனைப் பார்க்கப் போகும்போது எடுத்துப்போய், வாசலில் இருக்கும் விருந்தினர் சேவை மையத்தில் காட்டினால், எண்ணைப் பார்த்து எத்தனை நாள் மீதி என்று சொல்லிவிடுவார்கள். இதையே வேறு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும்: ‘ரெண்டு நாள் மீதி இருக்கிற டிக்கெட், பாதி விலைக்குத் தர்றேன்’ என்று இணையத்தில் யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். மீதி இருக்கிறதா இல்லையா என்பது அட்டையைப் பார்த்தால் தெரியாது.

ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் தேதி கடந்துபோன டிக்கெட் என்றால், அன்றைக்குக் கொடுத்த பணத்தைப் புது டிக்கெட்டின் விலையில் கழித்துக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. பணமாகத் திரும்ப வராது. மற்றப் பூங்காக்களுக்கு இப்படி ஒரே விதி இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் அங்கே சட்டம். பூங்காவையே மூடிவிட்டார்கள் என்றால் முதல் கேள்விக்கு வேலையே இல்லை.

சரி, சேகரிப்பு மதிப்புக்கு வருவோம். கலிபோர்னியாவில் அனஹெய்ம் நகரில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்டைத் திறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டிக்கெட் புத்தகம் வந்தது: நுழைவுச் சீட்டும், ஏ, பி, சி என்று தரம் பிரித்த சவாரிச் சீட்டுகளும் ஒரே அட்டைக்குள். 1956இல் டி வந்தது, 1959இல் இ. இ தான் உச்சம். மேட்டர்ஹார்ன் மலைச் சறுக்கு ரயில், நீர்மூழ்கிக் கப்பல், மோனோ ரயில் எல்லாம் அந்தச் சீட்டுக்குத்தான். 1982இல் இந்த முறையே நின்றது. இப்போது யோசியுங்கள், பிள்ளைகளோடு உள்ளே போனவர் எதை முதலில் கிழித்திருப்பார்? இ தீர்ந்திருக்கும். குதிரை வண்டிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் போகும் ஏ, பி சீட்டுகள் மிஞ்சி, சட்டைப் பையில் வீட்டுக்கு வந்திருக்கும். அதனால்தான் ‘பயன்படுத்தாத டிஸ்னிலேண்ட் டிக்கெட்’ என்று என்னிடம் வருவது ஏறக்குறைய எல்லாமே எழுபதுகளின் ஏயும் பியும். உலகம் முழுக்க மேசை டிராயர்களில் கிடக்கிற சரக்கு அது. ஒரு சீட்டும் கிழியாத முழுப் புத்தகம், அதிலும் ஐம்பதுகளைச் சேர்ந்தது என்றால் கதை வேறு. பழமைக்கு மட்டும் விலை கிடையாது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் விலை.

தேதி அச்சிடாத டிக்கெட்டுகள் நிறைய வரும். அவற்றின் வயதைக் காகிதமே சொல்லிவிடும். இந்திய டிக்கெட்டில் ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. மெட்ராஸ் சென்னையானது 1996இல். ஜிஎஸ்டி எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிறகு. சிங்கப்பூர் டிக்கெட்டுக்கும் இப்படிச் சில அடையாளம் உண்டு. அங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995இல் வந்தது, அதற்கு முன் நான்கு இலக்கம். லேண்ட்லைன் தொலைபேசி எண் 6 என்று தொடங்கி எட்டு இலக்கமாக இருந்தால் 2002க்குப் பிறகு.

கீழக்கரை வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு மூன்றும் சிங்கப்பூரில் போருக்கு முன்பே இருந்த கேளிக்கைப் பூங்காக்கள். இப்போது இல்லை. அந்தக் காலத்துச் சீட்டு உண்மையிலேயே கையில் இருந்தால் விசாரிக்கத் தகுந்தது, சிங்கப்பூரிலேயே ஆள் இருக்கிறார்கள். ஆனால் ‘ஐம்பதுகளின் டைகர் பாம் தோட்ட நுழைவு டிக்கெட்’ என்று யாராவது காட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சிங்கப்பூரிலுள்ள அந்தச் சிலைப் பூங்காவுக்கு அப்போது ஜனங்கள் இலவசமாகப் போய்வந்தார்கள். கட்டணம் வைத்த தீம் பார்க்காக அதை மாற்றியது 1990இல்.

போலியைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் இருக்கும். பழைய எழுத்தச்சு காகிதத்தை அழுத்தியிருக்கும். டிக்கெட்டைத் திருப்பி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் பின்பக்கம் எழுத்தின் மேடு தெரியும். வரிசை எண் தனி எந்திரத்தில், பெரும்பாலும் வேறு மையில் அடித்ததாக இருக்கும், ஓர் இலக்கம் கொஞ்சம் மேலே, ஓர் இலக்கம் கொஞ்சம் கீழே நிற்கும். கணினிப் பிரிண்டரில் எடுத்த நகலில் எண்ணும் எழுத்தும் ஒரே மாதிரி வண்ணப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். நோட்டுச் சோதிக்கும் நீல விளக்கும் உதவும். போருக்கு முந்தைய காகிதம் என்று சொல்வது அதன் கீழே பளிச்சென்று நீலமாக மின்னினால், சந்தேகப்படுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் மருந்துதான் அப்படி மின்னும், அது போருக்குப் பிறகு வந்தது.

அப்புறம், எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம்: லேமினேஷன். பழைய காகிதத்தை லேமினேட் செய்தால் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது, சேகரிப்பாளர் தொடமாட்டார். புது டிக்கெட்டுக்கு இன்னும் மோசம். இப்போதைய பூங்கா டிக்கெட்டுகள் பலவும் மருந்து தடவிய வெப்பக் காகிதத்தில் அச்சாகின்றன. சூடு பட்டால் கறுப்பதுதான் அந்தக் காகிதத்தின் வேலை. கீழக்கரைத் தம்பி ஒருவர், இறந்துபோன தகப்பனாரோடு சிங்கப்பூரில் சுற்றிய டிக்கெட்டைக் கொண்டுவந்தார். “வாப்பா ஞாபகமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணேண்ணே, மெஷின்ல போய் வெளிய வரும்போதே இப்படி ஆயிருச்சு.” கண்ணாடிபோல் பளபளக்கும் உறைக்குள் நான்கு மூலையும் கருகிய நிறத்தில் ஒரு சீட்டு. பூங்காவின் சின்னம் மட்டும் முன்கூட்டியே வண்ணத்தில் அச்சிட்டது என்பதால் மங்கலாகத் தெரிந்தது. தேதி, பெயர், விலை ஒன்றும் இல்லை. அதற்குச் செய்ய ஒன்றும் கிடையாது என்று அவரிடம் சொல்லவே கஷ்டமாக இருந்தது. வெப்பக் காகித டிக்கெட்டைச் சும்மா வைத்தாலும் எழுத்து மங்கத்தான் செய்யும். வாங்கிய அன்றே இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

நம் கரையில் உப்புக்காற்று வேறு. குண்டூசி, ஸ்டேப்ளர் பின் குத்தி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் துரு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காகிதம் புள்ளி விழும், ராமபாணப் பூச்சி அரிக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில் மட்டமாக வைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, கடல் பக்கச் சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மலிவான பிவிசி ஆல்பம் வேண்டாம், நாளாக ஆக மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப்பும் வேண்டாம்.

விலை பார்க்கும்போது ஈபே என்ற இணையச் சந்தையில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்பதற்குக் காசா பணமா? ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்க்க வசதி உண்டு. அதே பூங்கா, அதே காலம், அதே நிலை உள்ள டிக்கெட் என்ன விலைக்கு நிஜமாகப் போயிருக்கிறது என்று அங்கேதான் தெரியும். தளத்தின் கட்டணம், அஞ்சல் செலவு கழித்தால் பல டிக்கெட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் மிஞ்சும். அப்படிப்பட்டதை விற்காமல் குடும்ப ஆல்பத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

என்னைக் கேட்டால் இந்தக் கரைக்காரர்கள் தேட வேண்டியது வேறு. 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலுமாகப் பயணம் இருந்ததே, அந்த போட் மெயில் டிக்கெட். பயணம் முடிந்ததும் ரயில் டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்வார்கள், அதனால் வீட்டில் மிஞ்சியது அபூர்வம். தடித்த சிறு அட்டை, தேதியை எந்திரத்தில் அழுத்தியிருப்பார்கள். ஏ சீட்டு நூறு வைத்திருப்பவரைவிட இது ஒன்று வைத்திருப்பவரைத்தான் நான் வீடு தேடிப் போய்ப் பார்ப்பேன். ஆனால் 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும் என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்புமுன் தொல்லியல் துறையில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக மோசடி. உங்கள் டிக்கெட்டை லட்ச ரூபாய்க்கு எடுக்கிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று அழைப்பு வரும். பழைய நோட்டு, காசு விஷயத்தில் இதே வித்தையை ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே செய்தார்கள், 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரிக்கை அறிக்கை விட வேண்டியதாயிற்று. வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். விற்கிற உங்களிடம் முன்பணம் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். ஓடிபி, க்யூஆர் கோடு எதற்கும் பதில் வேண்டாம். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். உறைக்குள் இருந்தால் வெளியே எடுத்து எடுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரில் வேலை பார்த்தார், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.