58 புள்ளி எடுத்தும் ஏழாவது இடம்: ஸ்காட்லாந்து கால்பந்து லீக்கின் கணக்கு

2005-06 சீசனின் முடிவில் ஸ்காட்லாந்து பிரிமியர் லீக்கின் புள்ளிப் பட்டியலை முதன்முறை பார்க்கிறவர் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார். நாலாவது இடத்தில் ஹிபர்னியன், 56 புள்ளி. ஐந்தாவது கில்மார்னாக், 55. ஆறாவது அபர்டீன், 54. அதற்குக் கீழே, ஏழாவது இடத்தில், இன்வர்னஸ் கலிடோனியன் திஸில். அவர்கள் எடுத்தது 58 புள்ளி!

பிழை ஒன்றும் இல்லை. விதிப்படி சரியான பட்டியல்தான் அது. அந்த விதி ஏன் வந்தது என்று தேடிப்போனால், சுமார் 55 லட்சம் பேர் வாழும் ஒரு சின்ன நாடு தன் கால்பந்தை எப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதே புரிந்துவிடுகிறது. எனக்கு இந்த லீக்கின் மேல் பிரியம் வந்ததே இந்தக் கணக்கு வழியாகத்தான்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 42 தொழில்முறை கிளப்கள், நாலு அடுக்குகள். மேலே பிரிமியர்ஷிப்பில் (2006-இல் மேல் அடுக்கின் பெயர் பிரிமியர் லீக்) 12 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று தலா 10. கீழ் மூன்று அடுக்குகளில் சிக்கலே இல்லை. ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளோடு நாலு முறை மோதும்: இரண்டு சொந்த மைதானத்தில், இரண்டு வெளியில். ஒன்பது நாலு முப்பத்தாறு. சீசன் முடிந்தது.

சிக்கல் மேல் அடுக்கில். 12 அணி என்றால் எதிராளிகள் 11. இரண்டு முறை மோதினால் 22 ஆட்டம்தான், ஒரு சீசனுக்குப் போதாது. நாலு முறை என்றால் 44, மிக அதிகம். 1986 முதல் 88 வரையும், மறுபடி 1991 முதல் 94 வரையும் அந்த 44-ஐ உண்மையிலேயே ஆடிப் பார்த்தார்கள். நீடிக்கவில்லை. மூன்று முறை என்றால் 33. எண்ணிக்கை பரவாயில்லை, ஆனால் மூன்றைச் சமமாகப் பிரிக்க முடியாது. யாராவது ஒருவருக்குச் சொந்த மைதானத்தில் கூடுதலாக ஓர் ஆட்டம் கிடைத்துவிடும்.

2000-01 சீசனில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே எல்லோரும் அதை ‘ஸ்ப்ளிட்’ என்றே சொல்கிறார்கள். 33 ஆட்டம் முடிந்ததும் பட்டியலை நடுவில் இரண்டாக வெட்டுவார்கள். மேலே இருக்கும் ஆறும் தங்களுக்குள் ஒரு முறை, கீழே இருக்கும் ஆறும் தங்களுக்குள் ஒரு முறை. ஆளுக்கு ஐந்து ஆட்டம். 33-உம் 5-உம் 38. எடுத்த புள்ளிகள் அப்படியே கூட வரும். ஆனால் வெட்டிய கோட்டை அதன் பிறகு யாரும் தாண்ட முடியாது. 2006-இல் இன்வர்னஸ் கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. கடைசி ஐந்து ஆட்டங்களில் எவ்வளவு புள்ளி சேர்த்தாலும் ஏழாவதுக்கு மேல் அவர்களுக்கு இடமில்லை.

சரி, 12 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏன் இத்தனை பாடு? 18 அணிகளை வைத்து, சொந்த மைதானத்தில் ஒன்று வெளியில் ஒன்று என்று 34 ஆட்டம் ஆடினால் எல்லாம் நேராகிவிடுமே? 1975 வரைக்கும் அப்படித்தான் ஆடினார்கள்.

அதற்கான பதில் கிளாஸ்கோ நகரில் இருக்கிறது. செல்டிக் மைதானத்தில் சுமார் 60,000 பேர் உட்காரலாம், ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸில் 50,000-க்கு மேல். இந்த இருவரும் மோதும் ஆட்டத்துக்கு ‘ஓல்ட் ஃபர்ம்’ என்று பெயர். தொலைக்காட்சிக்காரர்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் அந்த ஆட்டத்துக்காகவே. 18 அணி லீக் என்றால் வருடத்துக்கு இரண்டு ஓல்ட் ஃபர்ம் ஆட்டம்தான். ஸ்ப்ளிட் முறையில் நாலு: மூன்று முறை சாதாரணச் சுற்றில் மோதிவிடுவார்கள், இருவருமே மேல் ஆறில் இருக்கும்வரை நாலாவதும் நிச்சயம். சின்ன கிளப்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் தங்கள் ஊருக்கு வரும் நாளில் வெளியூர் ரசிகர் பகுதி நிரம்பும், கல்லாவும் நிரம்பும். அந்த வருகைகளை வருடத்துக்கு ஒன்று ஒன்றாகக் குறைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வருமா?

தொலைக்காட்சிப் பணத்தைப் பாருங்கள். 2024 முதல் ஐந்து சீசனுக்கு ஸ்காட்லாந்து லீக்குக்குக் கிடைப்பது சுமார் 15 கோடி பவுண்டு. எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்து பிரிமியர் லீக், 2025 முதல் நாலு சீசனுக்கு, உள்நாட்டு உரிமைக்கு மட்டும் வாங்கியது 670 கோடி. ஆகவே ஸ்காட்லாந்து கிளப்கள் டிக்கெட் வாங்கி வரும் ஆட்களை நம்பித்தான் வாழ்கின்றன. ஆட்களும் வருகிறார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஐரோப்பாவிலேயே மைதானத்துக்குப் போய் லீக் ஆட்டம் பார்க்கிறவர்கள் அதிகம் உள்ள நாடு ஸ்காட்லாந்து. ராஸ் கவுன்ட்டி கிளப்பின் ஊரான டிங்வாலில் வாழ்கிறவர்கள் சுமார் 5,500 பேர். அவர்கள் மைதானத்தில் இருக்கைகள் அதைவிட அதிகம். 2012-இல் கடனில் திவாலாகி நாலாவது அடுக்குக்குத் தள்ளப்பட்ட ரேஞ்சர்ஸ், அங்கே ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருடன் ஆடிய ஆட்டத்துக்கு 49,118 பேர் வந்தார்கள். நாலாவது அடுக்கில்!

இந்த அமைப்பை மாற்ற நினைத்தவர்கள் இல்லாமல் இல்லை. 2013 ஏப்ரலில் 12-12-18 என்று ஒரு திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. மேல் இரண்டு அடுக்கிலும் தலா 12 அணிகள் 22 ஆட்டம் ஆடும். பிறகு அந்த 24-ஐ மூன்று எட்டுகளாகப் பிரிப்பார்கள். மேல் அடுக்கின் 12 கிளப்களில் 10 ஆதரித்தன. ஆனால் விதிப்படி 11 வேண்டும். செயின்ட் மிரனும் ராஸ் கவுன்ட்டியும் வேண்டாம் என்றன, திட்டம் விழுந்தது. அந்தக் கோடையிலேயே, மேல் அடுக்கையும் கீழ் மூன்று அடுக்குகளையும் தனித்தனியே நடத்திவந்த இரண்டு லீக் நிர்வாகங்களும் ஒன்றாகி, 42 கிளப்களையும் நடத்தும் இன்றைய எஸ்.பி.எஃப்.எல். அமைப்பு பிறந்தது. ஸ்ப்ளிட் மட்டும் அசையவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: அட்டவணை போடும் வேலை. 33 ஆட்டத்தில் ஒரு கிளப் 11 எதிராளிகளையும் மும்மூன்று முறை சந்திக்கிறது. சிலரோடு சொந்த மைதானத்தில் இரண்டு, வெளியில் ஒன்று. மற்றவர்களோடு இது தலைகீழ். ஆறு பேரைச் சொந்த ஊருக்கு இரண்டு முறை வரவழைத்தால், ஆறிரண்டு பன்னிரண்டு, மீதி ஐவரிடம் ஐந்து, ஆக 17 ஆட்டம் சொந்த மைதானத்தில். சீசன் முடிவில் 19-க்கு 19 வர வேண்டும். அப்படியானால் ஸ்ப்ளிட்டுக்குப் பிறகு இரண்டு சொந்த ஊரில், மூன்று வெளியில். அதற்கு, அந்த ஐந்து எதிராளிகளில் சரியாக மூவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்துபோனவர்களாக இருக்க வேண்டும். நாலு பேர் அப்படி அமைந்துவிட்டால்? நாலு முறை வெளியே போக வேண்டிவரும், சொந்த மைதானத்தில் மொத்தம் 18 ஆட்டம்தான். இல்லையென்றால் அந்த நால்வரில் ஒருவரை மூன்றாவது முறையாகவும் இங்கேயே வரச் சொல்ல வேண்டும். இரண்டுமே ஒருவருக்கு அநியாயம்.

ஆகவே கோடையில், ஒரு பந்துகூட உருளும் முன்னாலேயே, யார் யார் மேல் ஆறில் வருவார்கள் என்று அட்டவணை போடுகிறவர்கள் கணித்தாக வேண்டும். முந்தைய சீசன்களின் நிலையை வைத்து அந்த ஆறு பேருக்குள்ளும் மற்ற ஆறு பேருக்குள்ளும் சமநிலை வரும்படி 33 ஆட்டத்தை அடுக்குகிறார்கள். கணிப்பு பலித்தால் எல்லாம் சரியாகப் பொருந்தும். சின்ன கிளப் ஒன்று எதிர்பாராமல் மேலே வந்தால் கணக்கு சாய்கிறது. ஒரு கிளப் 18, இன்னொன்று 20 என்று ஆடுவதும், ஒரே மைதானத்துக்கு மூன்று முறை பயணம் போவதும் இப்படித்தான் நடக்கின்றன. குறை சொல்ல எளிது, 12 அணிகளையும் 38 ஆட்டங்களையும் வைத்துக்கொண்டு யார் மேலே வந்தாலும் குறையே இல்லாத அட்டவணை போடக் கணிதம் இடம் தருவதில்லை.

கணக்கு இப்படி என்றால், கோப்பை யாருக்கு என்பதில் இன்னொரு கசப்பு. கடைசியாக கிளாஸ்கோவுக்கு வெளியே பட்டம் போனது 1985-இல், அலெக்ஸ் ஃபெர்குசனின் அபர்டீனுக்கு. அதன் பிறகு 1986 முதல் 2025 வரையிலான 40 பட்டங்களும் செல்டிக், ரேஞ்சர்ஸ் இருவருக்குமே. ஐரோப்பியப் போட்டிகளில் இருந்து வரும் பணம் இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. சாம்பியன்ஸ் லீகில் ஒரு சீசன் ஆடிக் கிடைக்கும் தொகை, மற்ற பெரும்பாலான கிளப்களின் முழு ஆண்டு வரவைவிடப் பெரியது.

அந்த 40-இல் முதலாவதே கை நழுவிப்போன ஒன்று. 1986 மே 3, டண்டீ நகரின் டென்ஸ் பார்க். எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணிக்கு ஒரு டிரா போதும், பட்டம் அவர்களுக்கு. 83-ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது மாற்று ஆட்டக்காரராக இறங்கிய டண்டீயின் ஆல்பர்ட் கிட் ஒரு கோல் அடித்தார். சில நிமிடத்தில் இன்னொன்று. அதே நேரம் செயின்ட் மிரனை 5-0 என்று வென்ற செல்டிக், புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்துக்கொண்டது. ஹார்ட்ஸ் ரசிகர்களிடம் ஆல்பர்ட் கிட் என்று சொன்னாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

மேலே கதவு இறுகிக் கிடந்தாலும் கீழே அப்படி இல்லை. பிரிமியர்ஷிப்பில் 12-ஆவது அணி நேரே இறங்கும். 11-ஆவது அணி, கீழ் அடுக்கின் இரண்டு, மூன்று, நாலாம் இடத்துக்காரர்கள் தங்களுக்குள் மோதி அனுப்பும் ஓர் அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். 2014-இல் ஹாமில்டன் சொந்த ஊரில் ஹிபர்னியனிடம் 2-0 என்று தோற்று, எடின்பரோவுக்குப் போய் அதே 2-0-ஐத் திருப்பிக் கொடுத்து, பெனால்டியில் வென்று மேலே ஏறியது.

அதைவிடப் பெரிய மாற்றம் அடித்தளத்தில் நடந்தது. லீக் டூவின் கடைசி அணியை விதி மூலம் வெளியே அனுப்பும் வழி 2014-15 வரை கிடையாது. அந்த சீசனில், நாலு அடுக்குகளுக்கும் கீழே உள்ள வட்டார லீக்குகளான ஹைலேண்ட் லீக், லோலேண்ட் லீக் சாம்பியன்கள் இருவரும் மோதி, வென்றவர் லீக் டூவின் கடைசி அணியைச் சந்திக்கும் முறை வந்தது. 2016-இல் எடின்பரோ சிட்டி முதலில் நுழைந்தது. 2025-இல் ஈஸ்ட் கில்பிரைட்.

2019-இல் அந்தச் சோதனையில் நின்றது பெரிக் ரேஞ்சர்ஸ். பெரிக் இங்கிலாந்தில் இருக்கும் ஊர். எல்லை பக்கத்தில் என்பதால் கிளப் பல பத்தாண்டுகளாக ஸ்காட்லாந்து லீகில் ஆடிவந்தது. 1967 ஜனவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸையே 1-0 என்று வீழ்த்திய கிளப் அது. அபர்டீன் பக்கத்துக் கோவ் ரேஞ்சர்ஸ் அவர்களை முதல் ஆட்டத்தில் 4-0, இரண்டாவதில் 3-0 என்று தோற்கடித்தது. பெரிக் தன் லீக் இடத்தை இழந்தது, அடுத்த சீசனில் லோலேண்ட் லீகில் போய் ஆடத் தொடங்கியது.