தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பதற்கு ஆதாரம்: 'அழிக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தால் என்ன செய்வது?

போன வருடம் ஒரு பாட்டி பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கணவர் பர்மா சண்டைக்குப் போய்வந்தவர், இறந்து பல வருடம் ஆகிறது. இரண்டாம் உலகப் போர் வீரர்களின் விதவைகளுக்கு உதவித்தொகை உண்டு என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் சான்றிதழ் கேட்டார்கள். அது கூரை ஒழுகி நனைந்து போய் எத்தனையோ காலம். ராணுவ ரெக்கார்ட் அலுவலகத்துக்கு எழுதினார்கள். ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனால், அப்படியென்றால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இப்படி ஆறு தடவை பஸ் ஏறி இறங்கியிருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் 'லாங் ரோல்' என்ற ஒரு வார்த்தையை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. 1939 முதல் 1945 வரை சுமார் 25 லட்சம் பேர் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள். சண்டை முடிந்ததும் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷனுக்கு 15 வருட சேவை வேண்டும், இவர்களுக்கு அது இல்லை. பென்ஷன் இல்லாதவரின் சேவை ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்தால் போதும் என்பது ராணுவ விதி. 1946-இல் வீடு திரும்பியவருடைய ஆவணக் கட்டு 1971-க்குப் பிறகு அழிக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்த ஒற்றை வரி பதில் பொய் இல்லை. ஆனால் பாதி பதில். படைப்பிரிவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் லாங் ரோல் என்ற பெரிய பேரேட்டில் ஒரு பதிவு உண்டு. எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று அடிப்படை விவரங்கள் அதில் இருக்கும். அந்தப் பேரேட்டை அழிக்கக் கூடாது, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். நீங்கள் 'சேவை ஆவணம் கொடுங்கள்' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'லாங் ரோல் பதிவின் சான்றிட்ட நகல் கொடுங்கள்' என்று கேட்டால் தேடியாக வேண்டும்.

தேட அவர்களுக்கு இரண்டு விஷயம் வேண்டும்: படை எண்ணும் படைப்பிரிவும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். எண் எங்கே கிடைக்கும்? வீட்டில் பதக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்களில் விளிம்பிலோ நட்சத்திரத்தின் பின்பக்கத்திலோ எண்ணும் பெயரும் பிரிவும் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்து பளபளப்பாக்கிவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும், ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. பதக்கம் இல்லையென்றால் பழைய கடிதம், மணியார்டர் துண்டு, பட்டாளத்தாருக்கென்று ஒதுக்கிய நிலத்தின் காகிதம், சீருடையோடு எடுத்த போட்டோவில் தொப்பியில் இருக்கும் சின்னம், எதையும் விடாதீர்கள்.

பிரிவு தெரிந்தால்தான் எந்த ஊருக்கு எழுதுவது என்று தெரியும். தமிழ்நாட்டுக்காரர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான் என்று எல்லோரும் நீலகிரி வெலிங்டனுக்கு எழுதுகிறார்கள். மாதக்கணக்கில் காலம் போவது இங்கேதான். நம் ஊர் ஆட்களில் நிறையப் பேர் லாரி ஓட்டினார்கள், பாலம் கட்டினார்கள், சாலை போட்டார்கள், பட்டறையில் வேலை செய்தார்கள். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருந்தால் அது லாரியும் உணவு சப்ளையும் பார்த்த பிரிவு, இன்றைய ஏ.எஸ்.சி., அதன் தென்பிரிவு ரெக்கார்ட்ஸ் பெங்களூரில். பாலம் கட்டிய மெட்ராஸ் சாப்பர்ஸ், கூலிவேலைப் பிரிவான பயனியர் இரண்டுக்கும் பெங்களூர்தான், ஆனால் தனித்தனி அலுவலகம். ஐ.ஏ.ஓ.சி. (தளவாடக் கிடங்கு), ஐ.இ.எம்.இ. (பழுதுபார்க்கும் பட்டறை) என்றால் செகந்திராபாத். தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ, பீரங்கிப்படை நாசிக் ரோடு.

சாதாரணக் கடிதமாக எழுதாதீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக வையுங்கள். தமிழக அரசு அலுவலகத்துக்கு ஒட்டுகிற கோர்ட் ஃபீ ஸ்டாம்பை இதில் ஒட்டினால் செல்லாது, மனு திரும்பி வரும். தமிழில் எழுதி பெங்களூருக்கு அனுப்பினாலும் அதே கதிதான், ஆங்கிலத்தில் எழுதுங்கள். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் இந்திய ராணுவம் என்று தேர்ந்தெடுத்தும் போடலாம். இந்தியக் குடிமக்கள் மட்டும்தான் கேட்க முடியும். மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கும் சித்தப்பா, அத்தை பெயரில் போடச் சொல்லுங்கள்.

மனுவில் கதை எழுத வேண்டாம். மூன்று கேள்வி போதும். ஒன்று, லாங் ரோல் பதிவின் சான்றிட்ட நகல். இரண்டு, சேவை ஆவணம் அழிக்கப்பட்டிருந்தால் எந்த தேதியில், எந்த உத்தரவின்படி அழித்தார்கள் என்பதற்கான பதிவின் நகல். மூன்று, இந்த எண் உங்கள் பிரிவுடையது இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு எனக்குத் தெரிவியுங்கள் என்ற வேண்டுகோள். அடுத்தவர் சொந்த விஷயம் என்று சொல்லி மறுப்பது வழக்கம். அதனால் உறவைக் காட்டும் நகல்களை முதலிலேயே இணைத்துவிடுங்கள். அப்படியும் மறுத்தால், 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவல் என்று பிரிவு 8(3)-ஐக் குறிப்பிட்டு, பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அந்த 30 நாளைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம்.

அப்புறம் பெயர். வீட்டில் முனுசாமி, பேரேட்டில் முனிஸ்வாமி. ஊரில் சின்னப்பையன் என்று கூப்பிட்டவர் பள்ளிப் பெயரில் சேர்ந்திருப்பார். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட குமாஸ்தாவுக்கு நம் பெயர் எப்படிக் கேட்டதோ அப்படித்தான் பதிவு. நான்கைந்து எழுத்துக்கூட்டுகளை மனுவிலேயே கொடுங்கள். மாவட்டத்தையும் அன்றைய பெயரில் எழுதுங்கள்: விழுப்புரம் என்றால் தென்னார்க்காடு, திருவண்ணாமலை என்றால் வடார்க்காடு, தர்மபுரி என்றால் சேலம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்து, தாத்தா பெயர் இல்லை, பட்டாளக் கதையெல்லாம் பொய்யா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. அதில் போரில் இறந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். உயிரோடு திரும்பியவர் பெயர் அங்கே இருக்காது. இறந்தவர் என்றால் 31.12.1947 வரையிலான பதிவுகள் உண்டு, இலவசம். கல்லறை இல்லாவிட்டாலும் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள் பொறித்திருக்கிறார்கள், சில பதிவுகளில் தந்தை பெயரும் கிராமமும்கூட இருக்கும். லண்டனுக்குப் பணம் கட்டித் தேடச் சொல்லாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் அதிகாரிகளின் கோப்புகள், சிப்பாய்களுடையது இந்தியாவில்தான். மலாயாவில் தோட்ட வேலையிலிருந்து நேராக நேதாஜியின் ஐ.என்.ஏ.-வில் சேர்ந்தவர் என்றால் எந்த ரெஜிமென்டிலும் பெயர் இருக்காது, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

சரி, லாங் ரோல் நகல் வந்துவிட்டது. பாட்டிக்கும் வந்தது, நான்கு மாதம் கழித்து. அதோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் அடுத்த கேள்வி: இதில் மனைவி பெயர் இல்லையே? எப்படி இருக்கும்? அவர் திரும்பி வந்து 1948-இல்தான் கல்யாணமே ஆயிற்று. இதற்கு ரெக்கார்ட் அலுவலகத்துக்கே மறுபடி எழுதச் சொல்வார்கள், எழுதாதீர்கள், அங்கே சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை. இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் மூன்றையும் வைத்து மனுவை எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொல்லித் திருப்பி அனுப்பினால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

இந்த உதவித்தொகை பென்ஷன் வாங்காத வீரருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான். மகனுக்கு இல்லை, பேரனுக்கு வேலையில் முன்னுரிமையும் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற இடைத்தரகர் பணம் மட்டும் கேட்பதில்லை, ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்கத்தையும் கேட்பார். அலுவலகத்தில் நகலைக் கொடுங்கள். ஒரிஜினலை அங்கே காட்டிவிட்டு அதே கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.