பருப்பு பூவாய் வேகும் தண்ணீரும் ஒரு சிவப்புக் கல்லும்

நிலவியல் படிக்கும் பையன் ஒருவன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மாதுளை முத்து நிறத்தில் ஒரு படிகம். "சார், இது வில்லியோமைட். சோடியம் ஃப்ளோரைடு. சயனைட் வகைப் பாறையில வருமாம். நம்ம பிக்கிலி மலையில சயனைட் இருக்கே, தேடிப் பார்க்கலாமா?" (சயனைட் என்பது கிரானைட் போன்ற ஒரு பாறை; சயனைடு விஷம் இல்லை.)

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் போட இடம் பார்ப்பதும் தண்ணீரைப் பரிசோதிப்பதும்தான் என் பிழைப்பு. ஃப்ளோரைடு என்று இங்கே யாரிடம் சொன்னாலும் கறை படிந்த பல்தான் ஞாபகம் வரும். சிவப்புக் கல் வராது. இருந்தாலும் பையன் கேட்டது நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வில்லியோமைட் அபூர்வமான கனிமம். ஆப்பிரிக்காவின் கினி நாட்டை ஒட்டிய லோஸ் தீவுகளின் பாறையிலிருந்து 1908இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் லாக்ருவா இதை முதலில் விவரித்தார். அமைப்பைப் பார்த்தால் நம் சமையல் உப்பின் கூடப்பிறந்தது. அதே கனசதுர அடுக்கு, குளோரின் உட்கார வேண்டிய இடத்தில் ஃப்ளோரின். உப்புக்கல் போலவே சதுரம் சதுரமாகப் பிளக்கும். கடினத்தன்மை பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் 2 முதல் 2.5, கிட்டத்தட்ட நகத்தின் அளவுதான். அடர்த்தி 2.79. ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.328, தண்ணீரின் 1.333ஐவிடக் குறைவு, கல்லில் இப்படி அமைவது விசேஷம். சோடியம் ஃப்ளோரைடை ஆய்வகத்தில் தயாரித்தால் வெறும் வெள்ளைத் தூள். பாறைக்குள் இருக்கும் கதிரியக்கம் படிகத்தில் உண்டாக்கிய குறைகளே அந்தச் சிவப்பைத் தருகின்றன. உப்பு போலத் தெரிகிற கல்லை நாக்கில் வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எங்கள் கூட்டத்துக்கு உண்டு. இதை வைக்கவே கூடாது, விஷம்.

பிக்கிலியில் கிடைக்குமா? சயனைட் இருந்தால் மட்டும் போதாது. அலுமினியத்தோடு சேர்ந்து செலவானது போகவும் சோடியம் மிஞ்சிக் கிடக்கும் பாறைக்குழம்பு வேண்டும். ரஷ்யாவின் கோலா தீபகற்பம், கிரீன்லாந்தின் இலிமாவுசாக் போன்ற சில இடங்களில்தான் அது அமைந்திருக்கிறது. அங்கேயும் நிலத்தின் மேல்முகத்தில் தேடினால் பெரும்பாலும் வெறும் குழிதான் இருக்கும். மழை கரைத்துக்கொண்டு போயிருக்கும். ஆழத்தில் துளையிட்டு எடுத்தால்தான் கல்லைப் பார்க்கலாம்.

அந்தக் குழியைத்தான் பையனை நன்றாக யோசிக்கச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீரில் சோடியம் ஃப்ளோரைடு ஏறக்குறைய 40 கிராம் கரையும். அதே ஃப்ளோரைடு கால்சியத்தோடு சேர்ந்தால் ஃப்ளூர்ஸ்பார் என்ற கல். அது லிட்டருக்குச் சுமார் 16 மில்லிகிராம்தான் கரையும். இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். கூட இருப்பது சோடியம் என்றால் ஃப்ளோரைடு தண்ணீரோடு ஓடிவிடும். கால்சியம் என்றால் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடும். நம் ஊர்த் தண்ணீரின் கதையும் இதுதான்.

அதற்கு முன், வகைப்பாடு பற்றி ஒரு வார்த்தை. கனிமங்களை முக்கியமாக எதிர்மின் பகுதியை வைத்துக் குடும்பம் பிரிப்பார்கள். வில்லியோமைட், ஃப்ளூர்ஸ்பார், ஒரு காலத்தில் அலுமினிய ஆலைகளுக்குப் போன கிரையோலைட் மூன்றும் ஹாலைடு குடும்பம், அதாவது எதிர்மின் பகுதியாக ஃப்ளோரின், குளோரின் போன்றவை இருப்பவை; உப்புக்கல்லும் அங்கேதான். ஆனால் நம் மாவட்டங்களின் ஃப்ளோரைடை அந்தப் பக்கத்தில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பங்கு இருப்பது கருப்பு மைக்காவான பயோடைட்டிலும், ஹார்ன்பிளெண்டிலும், அபடைட்டிலும். முதல் இரண்டும் சிலிக்கேட், அபடைட் பாஸ்பேட். ஹைட்ராக்சில் (OH) அயனியும் ஃப்ளோரைடு அயனியும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால், படிகத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். கிருஷ்ணகிரி கிரானைட் பலகையில் மினுங்கும் கருப்புப் புள்ளிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தேட வேண்டியது அதை.

பாறை விரிசலில் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும்போது இந்தக் கனிமங்கள் மெல்லச் சிதைகின்றன. தண்ணீர் காரத்தன்மை அடைகிறது, ஃப்ளோரைடு வெளியே வருகிறது. கால்சியம் நிறைய இருந்தால் பிடித்து வைக்கும். ஆனால் வறண்ட பூமியில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. காட்டில் ஏர் ஓட்டும்போது தட்டுப்படும் சுக்கான்கல் அதுதான். கால்சியம் கழிந்துபோய் சோடியமும் பைகார்பனேட்டும் மிஞ்சிய தண்ணீரில் ஃப்ளோரைடைத் தடுக்க ஆளில்லை.

இப்போது பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலோடு வந்த அம்மாவின் கதை. "எங்க போர் தண்ணி சப்புனு இருக்காது சார், நல்ல தண்ணி. பருப்பு பூ மாதிரி வேகும். சோப்பு நல்லா நுரைக்கும். இதுல என்ன இருக்கப் போவுது?" என்றார். சிவப்புச் சாயத்தை ஊற்றினேன். ஃப்ளோரைடு இருந்தால் அந்தச் சிவப்பு வெளுக்கும். அவர் கண் முன்னாலேயே வெளுத்தது. வரம்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் சோப்பு நுரைக்காமல் போவதும் கால்சியம், மெக்னீசியம் மிகுந்த கடினத் தண்ணீரின் அடையாளங்கள். பருப்பு பூவாய் வேகிறது என்றால் கால்சியம் குறைவு என்று அர்த்தம். நம் ஊர்ப் பாறையில் அது ஃப்ளோரைடுக்குச் சாதகம். மென்மையான தண்ணீர் எல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. மழைத் தண்ணீரைவிட மென்மையானது எது? நாக்கும் பருப்பும் ஃப்ளோரைடைக் காட்டிக்கொடுக்காது என்றுதான் சொல்கிறேன். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. இந்த அளவை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

தண்ணீரில் கிடைக்காத கால்சியம் ஃப்ளோரைடுக்கு நம் உடம்பில் கிடைக்கிறது. பல்லும் எலும்பும் அபடைட் வகைதான். அங்கேயும் ஹைட்ராக்சில் இடத்தில் ஃப்ளோரைடு போய் உட்காரும். பல் உருவாகும் வயதில், சுமாராக எட்டு வயதுக்குள், அதிகம் போய்ச் சேர்ந்தால் எனாமலில் நிரந்தரக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது; பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. பல வருடம் தொடர்ந்தால் மூட்டும் முதுகும் இறுகும். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில் இந்த நோயை ஆவணப்படுத்தினார்கள். இத்தனை வருடம் கழித்தும் "வயசான முட்டிவலி" என்று கடந்துபோகிறவர்களைப் பார்க்கிறேன்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு நிலைமை மாறியது உண்மை. ஆனால் வீடு வீடாகப் போகும்போது ஒரு பழக்கத்தைக் கவனிக்கிறேன். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர். காரணம் கேட்டால் அதே பருப்பு! சோறும் பருப்பும் கேழ்வரகுக் களியும் எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்று யோசியுங்கள். கொதிக்க வைத்தால் போய்விடும் என்ற நம்பிக்கையும் தப்பு. தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அடியில் தங்கி இன்னும் செறிவாகும். சாதாரண கேண்டில் ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். ஆர்.ஓ. குறைக்கும், சவ்வு நல்ல நிலையில் இருந்தால்.

அந்த அம்மா கடைசியாக ஒன்று கேட்டார்: "அப்போ களிக்கும் ஒகேனக்கல் தண்ணியா சார்?" "களிக்கும்தாம்மா. போர் தண்ணி குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ இருக்கட்டும்" என்றேன்.

பரிசோதனைக்குக் கொண்டுவருகிறவர்கள் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வம்பு பண்ணும். அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் போதும். போர் எத்தனை அடி ஆழம் என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். பாதிப் பேர் அதை மறந்துவிட்டு என்னிடம் வந்து வீட்டுக்குப் போன் போடுகிறார்கள்.