பழைய செவர்லே டிரக்கின் கியர்பாக்ஸில் ஆயிலுக்கு என்ன வேலை?

கிளட்ச் மிதி இல்லாத வண்டியில் கியர் தானாக விழுகிறது என்கிறோம். உண்மையில் அதை மாற்றுவது ஆயில்தான். 1980களின் செவர்லே பிக்கப் டிரக்கில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடலில் கொண்டுவந்த 700ஆர்4 கியர்பாக்ஸில் நான்கு கியர்கள் உண்டு. எப்போது எந்த கியர் என்று முடிவெடுக்க கணினி கிடையாது.

பிறகு எப்படி? உள்ளே விரல் தடிமனில் ஒரு வால்வு. வண்டியின் வேகம் கூடக் கூட, கவர்னர் என்ற சுழலும் எடைகள் ஒரு பக்கம் ஆயில் அழுத்தத்தைக் கூட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, மறுபக்கம் ஸ்பிரிங்கோடு சேர்ந்து இன்னொரு அழுத்தம் வால்வைத் தள்ளும். ஒரே கதவை உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் தள்ளுவது மாதிரி. வேகத்தின் பக்கம் ஜெயித்ததும் வால்வு நகரும், ஆயில் வேறு வழியில் பாயும், உள்ளே அடுத்த கியருக்கான கிளட்ச், அதாவது அழுத்தினால் ஒன்றையொன்று பிடிக்கும் தகடுகள், இறுகும், கியர் மாறும். ஆகவே ஆயில் குறைந்தாலோ கெட்டாலோ, கியர் எப்போது மாறுகிறது என்பதும் கிளட்ச் எவ்வளவு இறுகுகிறது என்பதும் சேர்ந்தே கெடும்.

அதனால் சர்வீஸ் தொடங்குவது, ஆயில் அளவு பார்க்கும் குச்சியில்தான். இன்ஜின் ஆயிலை வண்டியை அணைத்துவிட்டுப் பார்ப்போம். இந்த கியர்பாக்ஸில் நேர்மாறு: வண்டி நன்றாக ஓடிச் சூடாகியிருக்க வேண்டும், சமதளத்தில் நிற்க வேண்டும், ‘பார்க்’கில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜின் ஓடினால்தான் பம்ப் சுற்றி, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை நிரப்பி வைக்கும். சூட்டுக்கும் காரணம் உண்டு. சுமார் 11 லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை லிட்டர் விரியும். குச்சியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசமும் அவ்வளவுதான். ஆறிய வண்டியில் பார்த்து ‘குறைகிறது’ என்று ஊற்றினால், அது அளவுக்கு மீறிப் போய், சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை அமுங்கும், அமுங்கும் எதுவும் கிளட்சை இறுக்கப் பிடிக்காது.

குச்சியில் ஒட்டியதை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பு, வயசான நிறம். கருத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும்: ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது, அங்கே ஓட்டை விழுந்து கூலன்ட் கலந்திருக்கிறது.

அடுத்து பான், அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த பானில் வடிகால் போல்ட் கிடையாது. யார் மிச்சம் பிடித்தார்களோ தெரியவில்லை, அடியில் படுப்பவர் தலையில்தான் ஆயில் கொட்டுகிறது. ஒரு பக்கத்து போல்ட்களை மட்டும் தளர்த்தி, பானைச் சாய்த்து வடிக்க வேண்டும். 5 லிட்டர் போல வரும். மீதி கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ‘ஆயில் முழுக்க மாத்தியாச்சு’ என்று சொல்வதில் பாதிகூட உண்மை இல்லை.

பானின் அடியில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் விபூதியைக் குழைத்தது போலப் படிந்திருந்தால் பயமில்லை, சாதாரணத் தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சீவல்கள் இருந்தால் எங்கோ கியர் பல்லோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கு, சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்வதைக் காட்டும். கறுப்புத் துகள் குவியலாக இருந்தால் கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது, புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. ‘ஆயில் மாத்தினதும் கியர்பாக்ஸ் போயிடுச்சு’ என்ற புலம்பல்களில் பெரும்பாலானவை இந்த வகை என்றே நினைக்கிறேன். கிளட்ச் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஆயில் ஞாபகமே வருகிறது.

ஃபில்டரை மாற்றும்போது அதன் கழுத்திலுள்ள பழைய சீல் மேலே துளையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதியதைத் திணித்தால் சரியாக உட்காராமல் பம்ப் காற்றை உறிஞ்சும். பானின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். முன்னால் யாரோ முரட்டுத்தனமாக முறுக்கியதில் ஒவ்வொரு போல்ட் துளையும் குழிந்திருக்கும். மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சமன்படுத்தாவிட்டால் எந்த கேஸ்கெட்டும் ஒழுகும்.

கடைசியாக, இன்ஜின் பக்கத்திலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் டிவி கேபிள் (டிவி என்றால் இங்கே த்ராட்டில் வால்வு; த்ராட்டில் என்பது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜினில் திறக்கும் காற்றுக் கதவு). ‘எவ்வளவு மிதிக்கிறார்’ என்ற சேதி இது வழியாகத்தான் போகிறது. கேபிள் தளர்ந்திருந்தால், பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதும் கியர்பாக்ஸ் ‘லேசாகத்தான் மிதிக்கிறார்’ என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்தே வைக்கும். கியர் சீக்கிரமே, வெண்ணெய் போல மாறும். ஓட்டுநருக்குச் சுகமாக இருக்கும். உள்ளே மூன்றாம், நான்காம் கியரின் கிளட்ச் வழுக்கி எரிந்துகொண்டிருக்கும். சரிசெய்யக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை அணைத்து, கேபிள் முனையிலுள்ள பொத்தானை அமுக்கி, அங்கே நகரும் துண்டை த்ராட்டிலிலிருந்து விலக்கிப் பின்னால் முழுக்கத் தள்ளி, பொத்தானை விட்டுவிட்டு, த்ராட்டிலைக் கடைசிவரை திறந்தால், ‘டிக் டிக்’ என்று அதுவே தன் இடத்தில் போய் நிற்கும்.